விரலுக்குப் படம் போட்ட கதை

பார்ப்பதற்கு அழகாக இருக்க வேண்டிய அவசியமே இல்லாத படங்களைப் போடுவதுதான் என் தொழில். பிரெயில் புத்தகங்களில் வரும் படங்களும் மேப்புகளும் தாளில் மேடாக எழும்பி நிற்கும். கண் தெரியாதவர்கள் அதை விரலால் தடவிப் படிப்பார்கள். அந்த மேட்டுப் படங்களைச் செய்கிற ஆள் நான். வாடிக்கையாளரிடம் திட்டு வாங்காத தொழில் எது என்று கேட்பீர்கள். தையல்காரர்களே, போட்டோ பிடிப்பவர்களே, கல்யாணச் சமையல்காரர்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் வாடிக்கையாளர் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குறை சொல்லுவார். என்னுடையவர்கள் அங்குலம் அங்குலமாகத் தடவிக் குறை சொல்லுவார்கள்.

அறுபதுகளின் பிற்பாதி அது. குரோம்பேட்டையில் டிராயிங் டீச்சராக இருந்த என்னை, கிழக்குத் தாம்பரத்தில் பார்வையற்றோர் பள்ளி ஒன்றோடு சேர்ந்த சின்ன பிரெயில் அச்சகத்துக்குக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டதற்குக் காரணம் வசந்தா என்ற மாணவி. கணக்கில் புலி. எஸ்.எஸ்.எல்.சி.யில் ஜியோமிதியும் கிராஃபும் வருகிற பெரிய கணக்கை எழுதினால்தான் காலேஜில் கணக்குப் பிரிவில் சேரலாம். கல்வி ஆபீசோ, கண் தெரியாத பிள்ளைகளுக்குப் படம் வரைகிற பாடமெல்லாம் எதற்கு என்று விலக்குக் கொடுத்து, சின்னக் கணக்கை எழுதச் சொல்லிவிடும். அவர்கள் அதைச் சலுகை என்று நினைத்துத்தான் கொடுத்தார்கள். வசந்தாவுக்கு அது மூஞ்சியில் கதவைச் சாத்தின மாதிரி இருந்தது. எங்கள் மேனேஜர் சாமுவேல் சார் முதல் நாளே என்னை உட்காரவைத்துச் சொன்னது இதுதான்: "அவ கைக்குப் புரியற மாதிரி படம் போட்டுக் குடுத்துடுங்கம்மா. ஆபீஸ்ல போய் சண்டை போடறது என் வேலை."

கவிழ்ந்த வண்டி

சேர்ந்த புதிதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி. படம் வரைந்து மெடல் வாங்கினவள் இல்லையா? சின்ன வகுப்புப் பாடம் ஒன்றுக்கு ரயில்வே ஸ்டேஷன் படம் வேண்டும் என்றார்கள். தாம்பரம் ஸ்டேஷனையே போட்டேன். அட்டையில் நூலை ஒட்டி, இரண்டு தண்டவாளமும் தூரத்தில் போகப் போக நெருங்கி ஒரு புள்ளியில் சேருகிற மாதிரி, தந்திக் கம்பங்கள் ஒவ்வொன்றாகக் குள்ளமாகிற மாதிரி செய்திருந்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் பிரமாதம் என்றார்கள். பார்த்தவர்கள் சொல்லத்தானே செய்வார்கள்.

எங்கள் புரூஃப் ரீடர் அருள்தாஸ் பிறவியிலிருந்தே பார்வை இல்லாதவர். பல்லாவரத்திலிருந்து தினமும் எலெக்ட்ரிக் ரயிலில் வருகிறவர். அவர் விரல் சரி சொல்லாமல் எந்தப் பக்கமும் அச்சுக்குப் போகாது. என் படத்தைக் கீழிருந்து மேலே தடவினார். மறுபடியும் தடவினார். தண்டவாளம் ரெண்டும் ஏன் ஒட்டிக்கொள்கிறது என்று கேட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும் என்று நான் அவருக்குப் பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் படத்தை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "உங்களுக்குத் தெரியறது எப்படியோ போகட்டும் டீச்சரம்மா. இந்த லைன்ல வர்ற வண்டி குரோம்பேட்டை தாண்டறதுக்குள்ள கவுந்துடும்."

சந்தையில் கண்ணை மூடியவள்

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாவது நாள் புத்தி வந்தது. கண்ணுக்காகக் கற்றுக்கொண்டதை மூட்டை கட்டி வைத்துவிட்டு, விரலுக்காக அனா ஆவன்னாவிலிருந்து ஆரம்பித்தேன். பென்சில் போய் நூல், சணல், உப்புத்தாள், பொத்தான், பாசிமணி, தோல் துண்டு என்று சாமான்கள் மாறின. இத்தனையும் ஒரே இடத்தில் கிடைப்பது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில்தான். தோல் பட்டறைகளிலிருந்து கழித்துக்கட்டிய துண்டுகள் வேறு குவியலாக வந்து விழும். கடல் என்று காட்டுவதற்கு நான் படாத பாடு பட்டேன். உப்புத்தாளை ஒட்டினால் வங்காள விரிகுடாவைத் தடவி முடிப்பதற்குள் பிள்ளைகளுக்கு விரல் எரிந்தது. கடைசியில் சொரசொரப்பான ஒரு தோல் துண்டில்தான் எனக்குக் கடல் கிடைத்தது.

சந்தையில் இன்னொரு சங்கடம். கண்ணுக்கு வேறு வேறாகத் தெரிகிற இரண்டு நூல், விரலுக்கு ஒன்றாகவே இருக்கும். அதனால் கடை முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு நூலையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டிப் பார்ப்பேன். போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நூல் கடை முனியம்மா சில வாரம் பொறுத்துப் பார்த்தாள். ஒரு வெள்ளிக்கிழமை வாயைத் திறந்துவிட்டாள்: "இன்னாம்மா, வாரா வாரம் கண்ண மூடிகினு தடவிகினே கீற? நீ எம்மா நேரம் தடவினாலும் வெல கொறையாதும்மா."

மலையைத் தின்ற எலி

எங்கள் அச்சு வேலை சுலபமானதுதான். அட்டையில் நூலும் மணியும் ஒட்டி ஒரு மூலப்படம் செய்வோம். கெட்டித் தாளை லேசாக நனைத்து அதன்மேல் போட்டு, மேலே ஒரு கம்பளித் துண்டை வைத்து, புத்தகம் பைண்டு பண்ணுகிற திருகு பிரஸ்ஸில் இறுக்குவோம். காய்ந்ததும் தாளில் அதே மேடு நிற்கும். மூலப்படம் ஒன்று இருந்தால் போதும், வேண்டிய பிரதி எடுக்கலாம். மூலப்படம் போனால் எல்லாம் போச்சு.

தென்னிந்திய மேப்புக்கு ஒரு மூலப்படம் செய்தேன். கடற்கரைக்குச் சணல், ஆறுகளுக்கு நூல், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு நொய்யரிசி. எல்லாம் மைதாப் பசையில் ஒட்டியது. சனிக்கிழமை சாயங்காலம் முடித்துப் பெருமையாக மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை நான் வருவதற்கு முன்பே அருள்தாஸ் வந்து மேப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மலை இருந்த இடத்தில் விரல் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. எலி நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது. நான் அழுவதா சிரிப்பதா என்று நிற்கும்போது அவர் சொன்னார்: "பாலக்காட்டுக் கணவாய் நாகர்கோவில் வரைக்கும் வந்துடுச்சு டீச்சரம்மா. நீலகிரியையாவது காப்பாத்துங்க."

எல்லாம் வேண்டும் என்ற சார்

புது மேப் செய்தேன். பைண்டர்கள் செய்கிற மாதிரி பசையில் மயில்துத்தம் கலந்தேன். நொய்யை விட்டுவிட்டு மணலுக்கு மாறினேன். எலி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எலியை ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தபோது, பூகோளம் நடத்துகிற ஞானமுத்து சார் வந்தார். நல்ல மனுஷர், ஆனால் ஆசை அதிகம். ஆறு, மலை, ரயில் பாதை, ஜில்லா எல்லை, மழை எங்கே எவ்வளவு, நெல் எங்கே, கரும்பு எங்கே, எல்லாம் ஒரே தாளில் வேண்டும் என்றார். அத்தனையும் விரலுக்குத் தாங்காது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. வந்த கோபத்தில், கேட்டதில் ஒன்றுவிடாமல் போட்டுக் கொடுத்துவிட்டேன். அதை வசந்தாவின் முன்னால் வைத்தார். அவள் உள்ளங்கையை வைத்து ஒரு தடவை தேய்த்துப் பார்த்துவிட்டு, "சார், இது மேப்பா, வேர்க்குருவா?" என்றாள். ஞானமுத்து சார் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அப்புறம் தனித்தனித் தாளாகச் செய்தோம். ஆற்றுக்கு ஒன்று, மலைக்கு ஒன்று, ரயிலுக்கு ஒன்று. ஆற்றுத் தாளை முதலில் வசந்தாவிடம் கொடுத்தேன். குடகில் ஆரம்பித்து ஒரே விரலால் காவிரியோடு இறங்கிக்கொண்டே வந்தாள். திருச்சி பக்கத்தில் விரல் நின்றது. பின்னால் போய் மறுபடி வந்தாள். இரண்டாவது விரலையும் வைத்து, ஒன்று காவிரியோடும் ஒன்று கொள்ளிடத்தோடும் போக விட்டாள். அவள் முகத்தைப் பார்த்த எனக்கு, இத்தனை நாள் வாங்கிய திட்டெல்லாம் வட்டியோடு திரும்பி வந்த மாதிரி இருந்தது. அவள் சொன்னாள்: "அக்கா, நெஜமாவே ரெண்டா பிரியுது. புஸ்தகத்துல படிச்சப்ப நான் நம்பவே இல்ல."

தொட்டுவிட்டுப் போகும் கோடு

மேப் எல்லாம் ஒத்திகைதான். உண்மையான யுத்தம் ஜியோமிதியில். எஸ்.எஸ்.எல்.சி. வகுப்புக்கு வந்துவிட்டாள் வசந்தா. பரீட்சைக்குப் பெயர் கொடுக்கிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வட்டத்தை ஒரு கோடு ஒரே இடத்தில் தொட்டுவிட்டுப் போகும் படம் ஒன்று உண்டே, உங்களில் பள்ளிக்கூடத்தில் அழுதவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதில்தான் மாட்டிக்கொண்டேன். வட்டமும் நூல், கோடும் நூல். இரண்டும் சேருகிற இடத்தில் பசை கட்டி ஒரு முண்டு. கோடு வட்டத்தைத் தொடுகிறதா, உள்ளே புகுந்து வெட்டுகிறதா என்று வசந்தாவின் விரலுக்குத் தெரியவில்லை. கோட்டை அந்த இடத்தில் கொஞ்சம் வெட்டி இடைவெளி விடுங்கள் என்றார் அருள்தாஸ். தொடுகிற கோடு தொடாமல் போனால் அது என்ன ஜியோமிதி என்று நான் கத்தினேன். அச்சகமே வேலையை விட்டுவிட்டு எங்கள் சண்டையைக் கேட்டது.

கடைசியில் இரண்டு பேரும் ஜெயித்தோம். வட்டத்துக்குத் தடித்த சணல் போட்டேன். கோட்டுக்கு நூலை விட்டுவிட்டு, பாசிமணியை அவர் கேட்ட மாதிரி இடைவெளி விட்டு வரிசையாக ஒட்டினேன். சணலைத் தொட்டது அதில் ஒரே ஒரு மணிதான். வசந்தாவின் விரல் மணி மணியாக வந்தது, ஓரிடத்தில் சணலை உரசியது, மறுபடி மணி மணியாகப் போய்விட்டது. "இங்க மட்டும்தான்" என்றாள். அன்றைக்கே சாமுவேல் சார் படங்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு ரயிலேறிக் கல்வி ஆபீசுக்குப் போனார். சாயங்காலம் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார். "அடுத்த வாரம் ஒரு ஆபீசர் நேர்ல வர்றார்" என்றார். "அவர் சரின்னா வசந்தா பெரிய கணக்கு எழுதலாம். முடியாதுன்னா விலக்கு வாங்கிக்க வேண்டியதுதான். அதுக்கு மேல பேச எனக்கு ஆள் இல்ல."

சாய்ந்த கோடு

வந்த ஆபீசர் அதிகம் பேசாதவர். காபி வேண்டாம் என்றார். அதிலேயே எங்களுக்குப் பாதி உயிர் போய்விட்டது. வசந்தாவின் முன்னால் படங்களை ஒவ்வொன்றாக வைத்துக் கேள்வி கேட்டார். அவள் டக் டக்கென்று பதில் சொன்னாள். மனப்பாடமாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக் கேட்டார். அதற்கும் சொன்னாள். நான் அருள்தாஸின் கையைப் பிடித்து அழுத்தினேன். அப்போதுதான் ஆபீசர், "படிக்கிறா, சரி. கிராஃப் வரைஞ்சு காட்டுன்னு பரீட்சையில கேப்பாங்களே, அதை யார் வரைவாங்க?" என்று கேட்டார். அவள் படிக்கிற மாதிரி படம் போடுவதிலேயே நாங்கள் எல்லாரும் மூழ்கிக் கிடந்தோம். அவள் வரைவதைப் பற்றி ஒருத்தரும் யோசிக்கவில்லை.

"அக்கா, திருத்தம் போடற ரப்பர் ஷீட்டும் பல்லுச் சக்கரமும் குடுங்க" என்றாள் வசந்தா. அச்சான தாளில் விட்டுப்போன கோட்டைக் கையால் சேர்ப்பதற்காக லாரி ட்யூபை வெட்டி வைத்திருந்தோம். தையல்காரர்கள் துணியில் குறி போட உருட்டுகிற பல் சக்கரமும் இருந்தது. விரலுக்குத் தெரிகிற மாதிரி கட்டம் போட்ட தாள் ஒன்றை ரப்பர்மேல் வைத்து, நாலு மூலையிலும் குண்டூசி குத்திக்கொண்டாள். ஆபீசர் அங்கேயே ஒரு கணக்கைச் சொன்னார். அவள் வாயால் கூட்டிப் பெருக்கிப் புள்ளிகளைக் கண்டுபிடித்தாள், விரலால் கட்டத்தை எண்ணிக் குண்டூசியால் குத்தினாள், அடிக்கோலை வைத்துச் சக்கரத்தை உருட்டினாள். முடித்துக் கையை எடுத்தாள். நாங்கள் எட்டிப் பார்த்தோம். கோடு வலது பக்கம் ஏற வேண்டியது, இடது பக்கம் ஏறிக்கொண்டு போயிருந்தது. "கோடு எதிர்ப்பக்கம் சாஞ்சிருக்கேம்மா" என்றார் ஆபீசர். குரலில் கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

வசந்தா பதறவில்லை. "இது பின்பக்கம் சார்" என்று சொல்லிக்கொண்டே குண்டூசிகளைப் பிடுங்கித் தாளைத் திருப்பிப் போட்டாள். கோடு மேடாக எழும்பி, ஒழுங்காக வலது பக்கம் ஏறி நின்றது. ரப்பர்மேல் வைத்து உருட்டினால் மேடு அடிப்பக்கத்தில்தான் எழும்பும்; அதனால் இடவலம் மாற்றித்தான் வரைய வேண்டும். தினமும் அதே வேலையைச் செய்கிற எனக்கு அந்த நிமிஷத்தில் இது சுத்தமாக மறந்துபோயிருந்தது. நான் கார்பன் தாள் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் செய்கிற காரியம் அது. பிரெயில் எழுதுகிற பிள்ளைகளோ ஒன்றாம் வகுப்பிலிருந்தே சட்டத்தில் தாளைச் செருகி, வலமிருந்து இடமாகக் குத்தி எழுதி, திருப்பி வைத்து இடமிருந்து வலமாகப் படிக்கிறவர்கள். அவளுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. ஆபீசர் அந்தக் கோட்டின்மேல் தன் விரலை வைத்து, கட்டங்களை எண்ணிக்கொண்டே கடைசி வரை போனார். எண்ணி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சாமுவேல் சாரிடம் சொன்னார்: "பேப்பர் திருத்தறவங்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கணும் சார். திருப்பிப் பார்க்காம முட்டை போட்டுடப் போறாங்க."

பேப்பரில் வந்த நம்பர்

அது அனுமதி என்று எங்களுக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. உறைத்ததும் நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறவர்களைப் பார்த்துச் சிரித்தவள் நான். அன்றைக்கு என் முந்தானை நனைந்துபோனது. அதற்கப்புறம் மழையோ வெயிலோ, பிரஸ் திருகு ஓயவில்லை. ஜியோமிதிப் புத்தகம் முழுவதையும் மேட்டுப் படமாக்கி அவள் கையில் கொடுத்தோம். பரீட்சைக்கு ரப்பர் ஷீட்டைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, எங்கேயோ மெத்தை விற்கப் போகிறவள் மாதிரி போனாள்.

ரிசல்ட் வந்த காலையில் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் பேப்பருக்கு அடிதடி. வாங்கி அங்கேயே விரித்து அவள் நம்பரைத் தேடினேன். இருந்தது. பல்லாவரம் வண்டியிலிருந்து இறங்கிய அருள்தாஸிடம் சொன்னேன். அவர் என்னைப் பேப்பரை மறுபடி படிக்கச் சொன்னார், மறுபடியும் படிக்கச் சொன்னார். அப்புறம் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்கு நடக்கவில்லை, கிட்டத்தட்ட ஓடினோம். மார்க் ஷீட் வந்தபோது, கணக்கில் அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் வாங்காத மார்க்கை அவள் வாங்கியிருந்தாள். காலேஜில் கணக்குப் பிரிவில் இடம் கிடைத்தது. சேர்ந்த அன்றே நேராக அச்சகத்துக்கு வந்தாள். கையில் ஸ்வீட் பொட்டலம். ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு என் மேஜைக்கு வந்து, சாமான்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். "அக்கா, காலேஜ்ல பாரபோலா, ஹைபர்போலான்னு வளைஞ்சு வளைஞ்சு நெறைய வருதாம். சணல் பத்தாது, இப்பவே வாங்கி வெச்சிடுங்க."

அன்றைக்கு எனக்குத் தெரிந்துபோனது, எங்கள் தொழிலில் ஜெயித்தவர்களுக்குக் கொடுக்கப்படும் ஒரே பரிசு முன்னதைவிடக் கஷ்டமான இன்னொரு படம்தான்.